பதினோராவது சொல்

பெட்டியைத் திறக்குமுன் முத்திரையைப் பார் என்றிருந்தது.
பார்த்தேன். சன்னல் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டும்
கழற்றியும்.
பெருவிரல் அளவில் ஒரு கருவி.
இதற்குள் பணமில்லை, திறப்பு மட்டும்தான்.
பணம் எங்கே என்று கேட்டால்
எங்கும் என்றுதான் சொல்ல வேண்டும், கடவுளைப்போல.
என்ன செய்ய,
உழைத்த டொலரைக் கேட்டு வங்கிக்குப் போய்
ஒரு வருடம் முழுக்க
“நாளைக்கு வாங்க மிஸ்” வாங்கித் திரும்பியவள் நான்.

வெள்ளவத்தை. கடற்பக்க ஒழுங்கை. மூன்றாம் மாடி.
பாணந்துறை ரயில் போகையில்
மேசையில் தேத்தண்ணி நடுங்கும்.
சின்னத் திரையில் ஒவ்வொன்றாய் வந்தன
பன்னிரண்டு சொற்கள்.
யப்பானியத்தில் உண்டாம். செக் மொழியிலும் உண்டாம்.
தமிழில் இல்லை.
ஆங்கிலத்தையே எழுதிக்கொண்டேன், பென்சிலால், கடுதாசியில்.
படமெடுக்காதே. ரெலிபோனில் வைக்காதே.
எவருக்கும் வாசித்துக் காட்டாதே.
இரண்டு வரி எழுதினாலும்
ஆளைத் தேடிப்பிடித்து வாசிக்கிற எனக்கு
இப்படியொரு கட்டளை.

முதலில் ஐந்தே ஐந்து டொலர்.
முகவரியின் தலையில் நாலெழுத்து, வாலில் நாலெழுத்து,
மனம் கேளாமல் நடு வயிற்றையும்
தடவிப் பார்த்து அனுப்பினேன்.
வந்தது.

பிறகு கருவியை அழித்தேன். வேண்டுமென்றுதான்.
பெருந்தொகை வந்து சேருமுன்
ஒருதரம் அது செத்துப் பிழைக்க வேண்டும்.
கடுதாசியைப் பார்த்துப் பார்த்து அமத்தினேன்,
பதினோராவதில் விரல் நின்றது.
என் கையெழுத்துத்தான்.
கடைசியில் நிற்பது டீயா, ஆரா?
இரண்டும் சொல்தான். இரண்டும் பட்டியலில் உண்டு.
டீ என்று துணிந்தேன்.

திறந்தது.
உள்ளே ஒன்றுமில்லை.
பிழை என்று கருவி சொல்லவுமில்லை.
பதினாறில் ஒருதரம் அப்படி ஆகுமாம், எனக்கு ஆனது.
ஓரெழுத்துப் பிசகில்
வேறொரு வீட்டின் கதவு.
ஒருவரும் குடிவராத, சுவர் பூசிய மணம் மாறாத வீடு.
அதற்கும் நான்தான் சொந்தக்காரி.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஆர் போட்டுத் திரும்ப வந்தபோது
ஐந்து டொலரும் இருந்தது,
ஒன்றும் நடவாததுபோல.

கடுதாசி எரியும் என்று
இந்த ஊரில் எங்களுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.
மறுநாள் புறக்கோட்டை.
முஸம்மில் நானாவின் இரும்புக் கடையில்
எழுத்து அச்சு ஒரு செட், துருப்பிடிக்காத தகடு ஒன்று.
“பேர்ப்பலகையோ?”
“ஓம்.”
“நீளப் பேரோ?”
“கொஞ்சம் நீளம்தான்.”

சொல்லுக்கு முதல் நாலெழுத்துப் போதும்.
இரவு ஒன்பதுக்குக் கதவைப் பூட்டி அடிக்கத் தொடங்கினேன்.
நாலாவது சொல்லில் கீழ்மாடிச் சந்தமாலி வந்து
என்னத்தை உடைக்கிறாய் என்றாள்.
உடையாமல் இருக்கத்தான் என்று சொல்ல
என் சிங்களம் போதவில்லை.
மன்னிப்பு மட்டும் கேட்டேன்.
மிச்சத்தை ரயில் வரும் நேரம் பார்த்து அடித்தேன்,
ஒரு ரயிலுக்கு மூன்றெழுத்து.

வியாழன் ஒரு செய்தி வந்தது.
உதவிப் பிரிவாம். பெயர் டேனியலாம்.
என் கணக்குக்கு ஆபத்தாம்,
பன்னிரண்டு சொல்லையும் கீழே நிரப்பட்டாம்.
எவ்வளவு பண்பாய் எழுதியிருந்தான்!
என் சொற்களை இத்தனை ஆவலோடு
இதுவரை எவரும் கேட்டதில்லை.
தடுத்து வைத்தேன்.

அக்காவுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருந்தது.
“எனக்கு ஏதும் நடந்தால்…”
“வாயைக் கழுவு.”
கழுவிவிட்டுச் சொன்னேன், நேரில்,
ரெலிபோன்கள் இரண்டையும் வேறு அறையில் வைத்துவிட்டு.
என்ன என்று சொல்லவில்லை. எங்கே என்று சொன்னேன்.
அவள் அழுதாள், பிறகு
ஒரு தகட்டுக்கா இவ்வளவு என்று சிரித்தாள்.

அந்த இடத்தை இந்தக் கவிதை சொல்லாது.
பாணந்துறை ரயில் போகையில்
தேத்தண்ணியோடு சேர்ந்து அதுவும் நடுங்குகிறது,
அவ்வளவுதான்.

இதைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது.